எஞ்சினுக்குச் சளி பிடிக்கும் என்று மூடிய கதவு

என் அகவையை ஒத்த அன்பர்களே,

மார்கழி பிறந்துவிட்டால் நம் ஓய்வுபெற்றோர் மன்ற மலரில் பனி பெய்யத் தொடங்கிவிடுகிறது. கோலத்தின் நடுவே பூசணிப்பூ, இலைக்கீற்றில் ஆவி பறக்கும் பொங்கல், குளிரில் நடுங்கியபடி கோயிலுக்கு ஓடிய சிறுவர் கூட்டம் என்று ஆண்டுதோறும் நீங்கள் எழுதுகிறீர்கள். ஒற்றுப்பிழை திருத்தித் தரும் பொறுப்பு என்னுடையது என்பதால் ஒரு வரி விடாமல் படிக்கிறேன். நீங்களும் எழுதுங்கள் அம்மா என்று கேட்கும்போதெல்லாம் நழுவியிருக்கிறேன். இம்முறை எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கும் மார்கழி இதில் இல்லை. என் மார்கழிக்குப் பெட்ரோல் நாற்றம்.

கீரமங்கலத்துக்கு அடுத்த ஊர் எங்களுடையது. அப்பா தேங்காய் வாணிகம் செய்தார். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு, ஆவணி மாதத்தில், புதுக்கோட்டை வழக்கறிஞர் ஒருவர் கழித்துவிட்ட பழைய கார் ஒன்றை வாங்கி வந்தார். மகிழுந்து என்று எழுதுவதே என் வழக்கம். மாணவியருக்கும் அப்படித்தான் எழுதக் கற்பித்தேன். இந்த ஒன்றைக் குறிக்க மட்டும் அச்சொல்லை எடுக்கக் கை வரவில்லை. அதில் யாரும் மகிழவில்லை. கார் என்றே இருக்கட்டும்.

கரும்பச்சை நிறம். உட்புறம் முழுவதும் பழந்தோலின் புளித்த வாடை. முன்புறம் ஒரு துளையில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் எஞ்சின் உயிர்க்கும். அதைச் சுழற்றுவதற்கென்றே ஓர் ஓட்டுநரையும் அப்பா அமர்த்தினார். அவர் சகதாப்பட்டினக் கடற்கரையைச் சேர்ந்தவர். மீன் ஏற்றும் லாரி ஓட்டியவர். இருபத்தைந்தைத் தாண்டாத இளைஞர். எங்கள் சாதியினர் அல்லர். இந்தக் கடைசிச் செய்தியை நான் விரும்பி எழுதவில்லை. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது.

வீட்டின் மேற்குப் பக்கம் தேங்காய் அடுக்கும் செங்கல் கொட்டகை ஒன்று இருந்தது. அதை நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். ஒரு பாதியில் கார் நின்றது. மறு பாதியில் அத்தை இருந்தார். அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. பெற்றோர் இருவரும் மறைந்தபின் அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். வரும் ஆனியில் புதுக்கோட்டை ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவதாக அப்பா வாக்களித்திருந்தார். அதற்காக விடியுமுன் எழுந்து, அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு, கணக்கும் இலக்கணமும் படிப்பார். வீட்டின் இரைச்சல் எட்டாத இடம் வேண்டும் என்று அந்த அறையைக் கேட்டு வாங்கியவரும் அவரே. இரு பாதிக்கும் இடையிலான சுவரில், உயரத்தில், சட்டமில்லாத ஒரு சாளரம் இருந்தது. செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிய வெறும் துளைகள். காற்றுக்கென்று வைத்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்காக ஓடிய கார் மார்கழிப் பனியில் மக்கர் செய்தது. ஓட்டுநர் கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற, தொண்டைக்குள் எதுவோ அடைத்ததுபோல் உறுமும்; இரண்டு முறை இருமும்; அடங்கிவிடும். அப்பா அருகில் நின்று காது கொடுத்துக் கேட்டார்.

"சளி புடிச்சிருக்குடா இதுக்கு" என்றார்.

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. காளைக்கும் கன்றுக்கும் கைவைத்தியம் பார்த்துப் பழகியவர் அவர். இரும்பையும் அப்படித்தான் அறிந்தார். அன்றிலிருந்து கார் ஒரு கைக்குழந்தையாயிற்று. இரவில் அதன் மூக்கின்மேல் அப்பாவின் பச்சைக் கம்பளி போர்த்தப்பட்டது. விடியலில் தேங்காய் மட்டை எரித்து அண்டாவில் வெந்நீர் வைத்து, அதைச் செம்பு செம்பாக முன்புறத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார்கள். ஓட்டின் இடுக்குவழியே பனி இறங்கிவிடக் கூடாது என்று மேலே கீற்றும் சாக்கும் வைத்து அடைத்தார்கள். கொட்டகையின் இரட்டைக் கதவுகளைச் சாத்தி, அடியில் கோணிப்பையைத் திணித்தார்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பி, ஓடாமல் நின்ற நிலையிலேயே உறும விட்டுவிடுவார்கள். பால் காய்ந்து, காப்பி கலந்து, அப்பா குளித்து, நீறு பூசி, பிள்ளையார் கோயிலை வலம் வந்து திரும்பும்வரை அது மூடிய கதவுக்குள் உறுமிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் அந்த ஒலி ஒரு பெருமை. கோலமிடும் பெண்கள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓட்டுநர் ஒரு நாள் அப்பாவிடம் கேட்டதை நான் வெந்நீர் அண்டாவின் அருகில் குளிர்காய்ந்தபடி கேட்டேன்.

"அய்யா, ஒரு கதவயாச்சும் தொறந்து வச்சுக்கிறேங்க. உள்ள நிக்க முடியல, கண்ணு எரியுது."

"நீ ஏன்டா உள்ள நிக்கிற? கிளப்பி விட்டுட்டு வெளிய வந்து நில்லு. பனி வண்டிக்குத்தான் ஆகாது. ஒனக்கு ஆகும்."

ஓட்டுநர் சிரித்துவிட்டார். அதன்பின் எஞ்சினைக் கிளப்பியதும் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பீடி குடிப்பார்.

அத்தையும் கேட்டார்.

"அண்ணே, அந்தச் சன்னல அடைச்சுக் குடுங்க. கார்ப் பொகை பூரா இங்கிட்டுத்தான் வருது."

"அடைச்சுட்டா காத்து எங்கிட்டிருந்து வரும்? படிக்கையில தூக்கம் வந்தா பொகை மேல பழி போடுறியாக்கும்" என்று அப்பா அன்போடு சொல்லிவிட்டுப் போனார். அன்பு இல்லாதவர் அல்லர் அவர். அத்தைக்கென்று நல்ல விளக்கு, நல்ல மேசை, மைப்பேனா எல்லாம் அவர்தான் வாங்கித் தந்தார்.

மார்கழியின் முதல் வாரம் கழிந்ததும் அத்தை மாறினார். விடியலில் எழுந்து படிக்கும்போதே தலையைப் பிடித்துக்கொள்வார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாகச் சொல்வார். எழுந்து நின்றால் கால் தடுமாறும். கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுப்பார். முற்பகல் ஏறி வெயிலில் நடமாடியதும் தெளிந்துவிடுவார். மாலையில் என்னோடு தாயம் ஆடுவார். மறுநாள் விடிந்தால் மீண்டும் அதே நிலை. முகம் மட்டும் ஒரு மாதிரிச் சிவந்திருக்கும். அதையும் பிற்பாடு சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளி விடுமுறை நாள்களில் நானும் அத்தையோடு அந்த அறையில்தான் படுத்திருந்தேன். எனக்கும் தலை வலித்தது. நெற்றிப் பொட்டில் ஆணி இறக்குவதுபோல் இருக்கும். நாக்கில் செம்புக்காசைச் சப்பிய சுவை. அம்மாவிடம் போய் அழுதேன்.

"கோயில் பொங்கல வாரி வாரித் தின்னா தல வலிக்காம என்ன செய்யும்" என்றார் அம்மா. இஞ்சிச் சாறு கொடுத்தார். அத்தோடு முடிந்தது.

ஓர் அறையில் உறங்கிய இரண்டு தலைகள் வலித்தன. ஒன்றுக்குப் பொங்கல் காரணம் ஆயிற்று. மற்றதற்கு மானக்கேடு. இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் இத்தனை ஆண்டு நழுவினேன் போலும்.

அம்மா அத்தையைக் கிணற்றடியில் நிறுத்திக் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. துவைகல்லின் மறுபுறம் நான் பாவாடை அலசிக்கொண்டிருந்தேன். என்னை அவர்கள் ஓர் ஆளாகவே எண்ணவில்லை.

"எத்தன நாளா இது?"

"ஒரு வாரமா இருக்கு மதினி. அந்தக் கார்ப் பொகை வயித்தப் பொரட்டுது."

"கார் ஆவணியில வந்துச்சு. ஐப்பசியில பொரட்டாத பொகை மார்கழியில பொரட்டுதாக்கும்?"

ஐப்பசியில் கதவு திறந்திருந்தது. கிளப்பிய உடனே கார் தெருவுக்குப் போய்விட்டது. இதை அன்று அங்கு நின்ற மூவரில் ஒருவரும் நினைக்கவில்லை. அம்மாவின் கேள்வி அவ்வளவு கூர்மையாக இருந்தது. கூர்மையான கேள்வி எல்லாம் சரியான கேள்வி என்று நம்புவது நம் குடும்பங்களின் பழக்கம்.

"விடியக்காலம் கொட்டகைப் பக்கம் யாரு இருக்கா, ஒன்னயும் அவனயும் தவிர?"

"மதினி..."

"தல குனியாத. என்னயப் பாத்துச் சொல்லு."

அத்தை தலை குனியவில்லை. நேராகப் பார்த்துத்தான் இல்லை என்றார். அம்மா அதையும் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். "எப்படி வெறிச்சுப் பாக்குறா பாருங்க" என்று அன்று பகலில் அப்பாவிடம் அவர் சொன்னார்.

மருத்துவச்சி வந்தார். ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவர். அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கண் மூடியிருந்தார். அந்தக் கையில் நாடி குதிரைபோல் ஓடியிருக்கும். நஞ்சுக் காற்றைச் சுவாசித்த நெஞ்சு ஒருபுறம், அச்சம் மறுபுறம்.

"ஓட்டம் வேகமாத்தான் இருக்கு" என்றார் மருத்துவச்சி. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் விடை ஏற்கெனவே எழுதியிருந்தது. "நான் சொல்ல என்னாத்தா இருக்கு. பெரிய வீட்டு விசயம். நீங்களே பாத்துக்கங்க."

ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே ஆம் ஆயிற்று.

அத்தை அப்பாவிடம் போனார். நடு வீட்டில், எல்லோர் முன்னும்.

"அண்ணே, புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. லேடி டாக்டர்ட்டக் காட்டுங்க. அவங்க சொல்லட்டும், நான் எதையும் ஏத்துக்கிறேன்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசுபத்திரி வாசல்ல ஒன்னய எறக்கிவிட்டு, அத யார் யாரெல்லாம் பாக்கணும்ங்கிற?"

"பாத்தா பாக்கட்டுமே. ஒண்ணும் இல்லன்னுதானே சொல்லப் போறாங்க."

"உள்ள போ."

மருத்துவமனைக்குப் போகக் கார் இருந்தது. ஊரிலேயே எங்களிடம் மட்டுந்தான் இருந்தது. அதனாலேயே அதில் ஏறிப் போக முடியவில்லை. ஊரே அதைத் திரும்பிப் பார்க்கும் அல்லவா.

மருத்துவச்சி ஒரு கசாயம் காய்ச்சித் தந்தார். எள்ளும் வெல்லமும் கருஞ்சீரகமும் மணத்தன. வேறு என்னென்ன சேர்த்தாரோ அறியேன். அத்தையைப் பிடித்துவைத்துக் குடிக்க வைத்தார்கள். அதே நாளில் அப்பா ஓட்டுநரைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார். உண்மைக் காரணத்தை அவரிடம் சொன்னால் தெருவுக்குக் கேட்கும் என்று வேறொன்று புனைந்தார்.

"பெட்ரோல் கொறையுது. சாவிய வச்சுட்டுக் கெளம்பு."

"பெட்ரோலுங்களா? அம்புட்டு நேரம் நின்ன எடத்துலயே ஓட விட்டா கொறையாதுங்களா அய்யா?"

"எதுத்துப் பேசாத."

"திருடன்னு சொல்லி அனுப்புறீங்களே. எனக்கு வேற எடத்துல வேலை குடுப்பாங்களா?"

அவர் கடைசிவரை பெட்ரோலைப் பற்றியே வாதாடினார். தன்மேல் சுமத்தப்பட்டது எது என்பதே அவருக்குத் தெரியாது. கைப்பிடி இரும்பைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.

ஓட்டுநர் போனபின் காரைக் கிளப்ப ஆளில்லை. அப்பா பேருந்தில் போய் வந்தார். கொட்டகையில் எஞ்சின் ஓய்ந்தது. அடுத்த நாளே அத்தைக்குத் தலைவலி குறைந்தது. அதற்கடுத்த நாள் வாந்தி இல்லை. சில நாளில் மாத விலக்கும் வந்தது. சரியாக உண்ணாமல் வாடிக் கிடந்த உடம்பில் தள்ளிப் போயிருந்தது அது. வரவேண்டியது தானாக வந்ததென்று யாரும் கொள்ளவில்லை; கசாயத்தின் வேலை என்றே கொண்டார்கள்.

அம்மா அப்பாவிடம் சொன்னார்: "பாத்தீங்கள்ல. அவன் போனான், இவளுக்கும் வாந்தி நின்னு போச்சு. இன்னும் என்ன டாக்டரு வேணும்?"

அன்பர்களே, நான் கல்லூரியில் நாற்பதாண்டு அளவு தமிழ் பயிற்றியவள். ஓர் உரையாசிரியர் பிழையான பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேர்த்தியாக உரை வகுக்க முடியும் என்பதை அறிவேன். எங்கள் வீட்டில் நடந்தது அதுவே. ஒவ்வொரு சான்றும் அடுத்ததோடு பொருந்தியது. ஒன்றும் எஞ்சவில்லை. நோய் தீர்ந்தது, தீர்ந்ததே குற்றத்துக்கு உறுதியாயிற்று.

தை பிறந்ததும் திருமணம். மாப்பிள்ளை அறந்தாங்கியில் அரிசிக்கடை வைத்திருந்தவர். முதல் மனைவியை இழந்தவர். அத்தையைவிட மிகவும் மூத்தவர். பயிற்சிப் பள்ளியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அத்தையின் புத்தகங்களை அம்மா பழைய தாள் வாங்குபவனிடம் எடைக்குப் போட்டார். மைப்பேனாவை எனக்குத் தந்தார்கள். அதில் எழுதிய நினைவு எனக்கில்லை. எங்கே தொலைத்தேன் என்றும் தெரியவில்லை. மணமேடையில் அத்தை அழவில்லை. பெண்கள் அதையும் கவனித்துப் பேசினார்கள்.

இங்கே முடிந்திருந்தால் ஒரு பெண்ணின் படிப்பு போனதோடு போயிற்று என்று நாமும் பெருமூச்சு விட்டு அமைதியடைந்திருக்கலாம். அத்தையின் மூத்த மகன் மாதம் நிறையாமல் பிறந்தான். சுண்டெலிபோல் இருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குறைமாதக் குழந்தை என்பதற்கு அந்த உடம்பைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் எங்கள் ஊர்ப் பேச்சு அறந்தாங்கிவரை நடந்து போயிருந்தது. மருத்துவச்சி வழியாகவோ, பேருந்தில் அடுத்த இருக்கை வழியாகவோ, எப்படியோ. கசாயத்தால் கரு கலைந்தது என்று அன்று நம்பிய அதே வாய்கள், கலையவில்லை என்று இப்போது நம்பின. அரிசிக்கடை மாமா அக்குழந்தையைத் தூக்கவே இல்லை. அடித்ததும் இல்லை, பசிக்க விட்டதும் இல்லை. தூக்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் பிறந்த இருவரையும் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுவதும் நடந்தார். மூத்தவன் பின்னால் நடந்து வந்தான். விடுமுறைக்கு அங்கே போனபோது நானே கண்டிருக்கிறேன். அப்போது அதற்குப் பொருள் தெரியவில்லை.

பொருள் தெரிந்தது முதுமையில். திருச்சியில் என் மகள் வீட்டு அடுக்ககத்தில், புயல் மழை நாளொன்றில், மின்சாரம் நின்று கீழ்த்தளத்தில் மின்னாக்கி ஓடிக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே வருகிறது என்று காவலர் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே அமர்ந்திருந்திருக்கிறார். சற்று நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபடி படியேறி வந்தார். கால்கள் பின்னின. எதிர்வீட்டு மருத்துவர் அவரைத் திறந்த வெளியில் கிடத்தச் சொன்னார். மூடிய இடத்தில் எஞ்சின் ஓடினால் அரைகுறையாக எரிந்த எண்ணெயிலிருந்து ஒரு நச்சுவளி வரும், தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, வெளிக்காற்றில் தெளிந்துவிடும், தெளியாவிட்டால் சாவு. இவ்வளவும் அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல் எங்களுக்கு விளக்கினார்.

நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா, அம்மா, மருத்துவச்சி, அரிசிக்கடை மாமா எல்லோரும் அப்போது இறந்து பல ஆண்டு ஆகியிருந்தது. யாரிடமும் போய் நிற்க முடியாது. அத்தை மட்டும் இருந்தார்.

அறந்தாங்கிக்குப் போனேன். மூத்த மகன் வளைகுடாவில் வாழ்நாளெல்லாம் உழைத்துக் கட்டிய வீடு. பின்கட்டில் அத்தை முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியும் கை நடுங்கவில்லை. நான் அறிந்துவந்ததை முழுவதும் சொன்னேன். சாளரம், கோணிப்பை, கதவு, ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இருந்த வேறுபாடு. கேட்டுக்கொண்டே கீரையை உருவினார்.

"இதத்தான்டி நான் அன்னைக்கே சொன்னேன். பொகை வயித்தப் பொரட்டுதுன்னு. நீயுந்தான் தொவகல்லுப் பக்கம் நின்ன."

"நின்னேன் அத்தை."

"அப்பறம் என்ன? புதுசா ஒண்ணயும் கண்டுபுடிச்சுட்டு வரலையே நீ." சிரித்தார். சிரிப்பில் கேலிதான் இருந்தது. வருத்தம் எனக்குத் தெரியவில்லை. "எவ்வளவு படிச்ச புள்ள. அறுவது வருசம் ஆயிருக்கு ஒனக்கு, நான் சொன்னது நெசம்னு தெரிய."

அத்தை காம்புகளை ஒதுக்கிவிட்டு முறத்தைக் கீழே வைத்தார்.

"ஒன்னு செய்யி. பெரியவன்கிட்ட இதச் சொல்லு."

"நீங்க சொல்லலையா?"

"பெத்தவ வேற என்ன சொல்லுவா? நான் சொன்னா எடுபடாது. ஒருநாளும் அவன் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. ஆனா அவனுக்கு அந்தப் பேச்சு தெரியும். சின்ன வயசுலயே எவளோ சொல்லியிருக்கா." குரல் சற்றே தாழ்ந்தது. "நான் போறதுக்குள்ள அவன் ஒருவாட்டி என்னயச் சந்தேகமில்லாமப் பாக்கணும். அம்புட்டுத்தான். போ, முன்னாடிதான் இருக்கான்."

அத்தை மகன் கூடத்தில் அமர்ந்திருந்தார். அறுபது வயது, நரைத்த மீசை. எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மதினி, டீ போடச் சொல்றேன்" என்றார். தேநீர் வரும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. பின்கட்டில் சொன்னதையே மீண்டும் சொன்னேன். இம்முறை மருத்துவர் சொன்னதையும் விளக்கமாகச் சேர்த்தேன்.

நான் முடித்ததும் அவர் கேட்டார்: "அப்ப அந்த டிரைவரு எனக்கு யாரும் இல்ல."

"இல்ல தம்பி."

"எங்கப்பாதான் எங்கப்பா."

"ஆமா. சந்தேகமே வேணாம். ஒங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

"அம்மா மேல தப்புன்னு நான் எப்ப நெனச்சேன்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை எதுவும் இல்லை.

"மொத லீவுல வந்தப்ப சகதாப்பட்டினம் போனேன் மதினி. வெசாரிச்சுக் கண்டுபுடிச்சேன். வயசாயிருந்துச்சு. நான் இன்னார் மகன்னு மட்டுந்தான் சொன்னேன். அவரு ஒண்ணும் கேக்கல. ஒங்கம்மா நல்லாருக்காங்களான்னாரு. மீன் கொழம்பு வச்சு, பக்கத்துலயே உக்காந்து சாப்பிடச் சொன்னாரு. கெளம்புறப்ப தலயத் தடவுனாரு. அப்பறம் ஒவ்வொரு லீவுக்கும் போவேன். எதயும் கேட்டுக்கிட்டதில்ல, ரெண்டு பேரும்."

பழைய முதலாளி வீட்டுப் பிள்ளை தேடி வந்திருக்கிறான் என்று அந்த மனிதர் மகிழ்ந்திருப்பார். திருடன் என்று அனுப்பியவர்கள் இப்போது நினைத்துப் பார்க்கிறார்கள் என்று எண்ணியிருப்பார். வேறென்ன தெரியும் அவருக்கு? இதை அத்தை மகனிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவரும் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"அவரு செத்தப்ப ஏர்போட்டுலேருந்து நேரா அங்க போனேன். கூட்டத்துல கடைசியா நின்னேன். எங்கப்பா செத்தப்ப லீவு கெடைக்கலன்னு போன்ல சொன்னேன். லீவு கெடச்சிச்சு மதினி. நான் வரல. தம்பிதான் கொள்ளி வச்சான்."

உள்ளிருந்து தேநீர் வந்தது. அவர் எடுத்து என் கையில் கொடுத்தார். தமக்கு வேண்டாம் என்றார்.

"என்னயத் தூக்காத மனுசன் எனக்கு அப்பா இல்லன்னுதான் இத்தன வருசம் நிம்மதியா இருந்தேன். வேற ஒருத்தரு இருக்காரு, அவரால வெளிய சொல்ல முடியல, அவ்வளவுதான்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டார். "இப்ப சொந்த அப்பனே தூக்கலன்னு ஆயிருச்சு. அவருக்கு நானும் கொள்ளி வைக்கல."

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கடைத்தெருப் பக்கம் நடந்தார். அம்மாவைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போகவில்லை.

நான் போனேன். அத்தை கீரையை அலசி வடியவைத்திருந்தார். என் முகத்தை அண்ணாந்து பார்த்தார். அவரை அப்படி எதையும் எதிர்பார்த்துக் கண்டதே இல்லை. பயிற்சிப் பள்ளியைப் பற்றிப் பேசிய நாள்களிலும் கண்டதில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்தை."

"நம்புனானா?"

"நம்பிட்டாரு" என்றேன். அது பொய்யன்று. ஒரு சொல் விடாமல் நம்பிவிட்டிருந்தார்.